திரையில் ஒரு மூக்கு

அந்தத் தெருவில் அவளுக்கு 'ஏன் அக்கா' என்று பெயர். குழாய் பதிக்கக் குழி தோண்டியவர்களிடம் போய், குழாய் ஏன் இந்த இடத்தில் மட்டும் வளைந்து போகிறது என்று கேட்டு, அவர்கள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கும்படி செய்தவள் அவள். மின்சார ஆபீஸ்காரர் அவளைத் தூரத்தில் கண்டாலே மீட்டரைப் பார்க்காமல் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவார். வம்புக்குக் கேட்கிறவள் இல்லை. பதில் கிடைத்துவிட்டால் முகம் மலர்ந்து, "அப்படியா!" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அவளுடைய கேள்விகளுக்குச் சலிக்காத ஒரே ஆள் அவளுடைய கணவர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கல்யாணமான புதிதில் அவள் கடைக்கு வந்து, ஒரே பவர் உள்ள இரண்டு லென்ஸில் ஒன்று மட்டும் ஏன் தடியாக இருக்கிறது என்று கேட்டாள். அவர் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு, பெரிய ஃப்ரேம் ஒன்றையும் சின்ன ஃப்ரேம் ஒன்றையும் எடுத்து விளக்கினார். தெரியாத கேள்வியானால், "தெரியலையே, கழட்டிப் பார்ப்போமா?" என்பார். அந்த 'கழட்டிப் பார்ப்போமா'வுக்காகவே அவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

கடை மிகக் குறுகல். இரண்டு சுவரிலும் ஃப்ரேம்கள். பின்னால் ஒரு தடுப்பு; அதற்கு அந்தப் பக்கம் லென்ஸ் தேய்க்கும் மெஷின், எப்போதும் ஈரமாக ஒரு பஞ்சு. வாசல் பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டர். பவர் பார்க்கிற நாற்காலிக்கு எதிரே எழுத்து அட்டை.

ஒரு நாள் காலை அவர் செய்தித்தாளைப் பிரித்துவிட்டு, "இதென்ன, வேற ஏதோ பாஷையில போட்டிருக்கான்?" என்றார். அவள் வாங்கிப் பார்த்தாள். தினமும் வருகிற தாள்தான்.

கை கால் விழவில்லை, பேச்சு குழறவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, மூளையின் பின்பக்கத்தில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றார்கள். பார்வை இருக்கிறது, எழுதவும் வரும், படிப்பது மட்டும் போய்விட்டது. எண்கள் எப்படியோ தப்பித்துக்கொண்டன. எழுத வருமென்றால் படிக்க ஏன் வராது என்று அவள் கேட்டதற்கு டாக்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். அவளுக்குப் பாதி புரிந்தது. கிளம்பும்போது அவர் சொன்னது முழுவதும் புரிந்தது: "இருக்கறது இல்லாத மாதிரித் தெரிஞ்சா, ஒண்ணு இன்னொண்ணா மாறித் தெரிஞ்சா, உடனே கூட்டிட்டு வாங்க. தனியா விடாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரு தாளில் தன் பெயரை அழகாக எழுதி அவளிடம் நீட்டி, "இது யார் பேரு?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். சிரித்து முடிந்ததும், அந்தத் தாளை என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடையை மூட வேண்டியிருக்கவில்லை. ஃபிட்டிங் வேலைக்குக் கைதான் வேண்டும், கை நன்றாக இருந்தது. பவருக்கு எண்தான் வேண்டும். எழுத்து அட்டையோ அவருக்கு மனப்பாடம். வாடிக்கையாளர் ஒரு எழுத்தைத் தப்பாகச் சொன்னால் அட்டையைத் திரும்பிப் பார்க்காமலே, "அது இல்லீங்க" என்பார். ஆனால் கடைக்கு வருகிறவர்களை மட்டும் நம்பிக் கடை ஓடாது. மத்தியானம் தோறும் அவள் மாதிரி ஃப்ரேம்கள் அடுக்கிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று போய் ஆர்டர் பிடித்து வந்தாக வேண்டும். அந்த நேரத்தில் அவர் தனியாக இருந்து கடையைப் பார்க்க வேண்டும். அவர் தனியாக இருக்கலாம் என்றால் கடை உண்டு, கூடாதென்றால் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் இது தெரிந்திருந்தது. நல்ல மனிதர். ஒரு நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. கடையைக் குடுக்கறதா இருந்தா வெளியாளுக்குக் குடுத்துடாதீங்க. நடுச்சுவரை எடுத்துட்டா எனக்கு வசதியா இருக்கும்" என்றார். அவள், "சொல்றேன்" என்றாள். கணவரிடம் சொல்லவில்லை.

சிக்கல் கம்ப்யூட்டரில் இருந்தது. அவளுடைய தம்பி வேறு ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். அக்கா கடைக்கென்று அவனே எழுதிக் கொடுத்த ஆர்டர் புரோகிராமைத் திறந்தால் வாடிக்கையாளர்களின் முகங்கள் வரிசையாக வரும். முகத்தைத் தொட்டால் பவர், ஃப்ரேம், கண்ணாடி எந்த அறையில் இருக்கிறது என்பதெல்லாம் எண்ணாக வரும். எழுத்தே வேண்டாம், மாமாவுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. ஆனால் அதைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கண்டம். பில், சரக்கு, ஆர்டர் என்று அவன் எழுதிய எல்லாவற்றுக்கும் திரையில் ஒரே படம், ஒரு பல்சக்கரம். கீழே இருக்கிற பெயரைப் படித்தால்தான் எது எதுவென்று தெரியும். எத்தனையாவது சக்கரம் என்று எண்ணி வைத்துக்கொள்ளலாம் என்றால், வரிசை சில நேரம் ஒரு இடம் தள்ளி நின்றது. எல்லாவற்றுக்கும் ஏன் கேட்கிறவள் இதற்கு மட்டும் கேட்கவில்லை.

"அதுக்கென்னக்கா, மாமாவுக்குப் புடிச்ச படத்தை வச்சுடு" என்றான் தம்பி போனில்.

"கண்ணாடிப் படம் வைக்கலாமா?" என்று அவரிடம் கேட்டாள்.

"கண்ணாடி ஏற்கெனவே இருக்கு. ஏதோ புஸ்தகம் படிக்கற புரோகிராமாம். தெரியாம அமுக்கிட்டா எழுத்தா கொட்டுது."

"அப்ப கண்ணு?"

"அதுவும் இருக்கு. ஃபோட்டோ பாக்கறது."

"காது?"

"காது மெஷின் விக்கிற கடைன்னு கம்ப்யூட்டர் நெனச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு, ஃப்ரேம் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் மார்க்கரால் ஒரே இழுப்பில் வரைந்தார். ஒரு மூக்கு. நடுவில் லேசான மேடு, நுனியில் ஒரு சின்ன வளைவு. "இது இல்லாம கண்ணாடி எங்க நிக்கும்?"

அவள் அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். "யார் மூக்கு இது?"

"பொதுவா ஒரு மூக்கு."

"பொதுவான மூக்குல இந்த மேடு எப்படி வந்துச்சு?"

"தெனம் பாக்கற மூக்கு. கை தானா போகுது, நான் என்ன பண்ண?"

ஜெராக்ஸ் கடைக்காரர் அட்டையை ஸ்கேன் செய்து அவளுடைய பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். அந்தப் பென் டிரைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணக்கைத் தினமும் நகலெடுக்கத் தம்பி கொடுத்தது. அதன் வளையத்தில் அவள் வீட்டுச் சாவி, கடைச் சாவி, பீரோச் சாவி எல்லாவற்றையும் கோத்துவிட்டாள். சாவியை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவது அவளுடைய பழைய வியாதி. இப்போது கடைக்குள் நுழைந்ததும் பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகிவிடுவாள். கொத்து அங்கேயே தொங்கும். கிளம்பும்போது உருவிக்கொண்டால் போதும். ஒரு முறை வந்த தம்பி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்: "அக்கா, கம்ப்யூட்டர் என்ன, சாவி மாட்டற ஆணியா?"

முதல் தடவை மூக்கு வரவே இல்லை. "அவர் படமா போடலக்கா, பேப்பரா, பிடிஎஃப்ல போட்டிருக்கார். ஐகானுக்குப் படம்தான் ஆகும்" என்றான் தம்பி. இரண்டாம் தடவை வந்தது. பெரிய வெள்ளைக் கட்டத்தின் நடுவே எள் அளவுக்கு ஒரு புள்ளி. "ஈ உக்காந்திருக்கு" என்றார் கணவர். சுற்றியிருந்த வெள்ளையை வெட்டியெடுத்தாள். மூன்றாம் தடவை, தம்பி சொன்னபடி சக்கரத்தின் மேல் வலது க்ளிக் செய்து, படம் இருக்கும் இடத்தைக் காட்டினாள். சக்கரங்களுக்கு நடுவே பளிச்சென்று ஒரு மூக்கு வந்து நின்றது.

"அப்படியே உன்னோடது" என்றார் அவர். அதைத் தொட்டார். முகங்கள் வந்தன. மூடினார், மறுபடி தொட்டார். அவள் நிம்மதியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

சாயந்திரம் திரும்பி வந்ததும், "மூக்கு காணாமப் போச்சு" என்றார்.

அவள் வழக்கம்போல் பையை வைத்து, ஃபேனைக் கூட்டி, சாவியைச் செருகி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். மூக்கு இருந்தது. "இதோ இருக்கே!"

அவர் எழுந்து வந்து பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். "மத்தியானம் இல்ல. சக்கரம்தான் இருந்துச்சு."

மறுநாளும் அதே கதை. அவள் இருக்கும்போது மூக்கு, அவள் போனால் சக்கரம், அவள் வந்தால் மறுபடி மூக்கு. மூன்றாம் நாள் அவள் வந்து கேட்டபோது, அவர் மெஷினைத் துடைத்தபடி, "ம், இருந்துச்சு இருந்துச்சு" என்றார். அவளுக்கு நிம்மதியாயிற்று.

அந்த நிம்மதி இரண்டு நாள்தான் நின்றது. ஓட்டுநர் ஒருவர் கடைக்கு வந்து, "அக்கா, நேத்து மத்தியானமும் வந்தேன், முந்தாநாளும் வந்தேன். அண்ணன் 'அவ வரட்டும், அவ வரட்டும்'ங்கறார். என் கண்ணாடி ரெடின்னு நீங்கதானே போன் பண்ணுனீங்க?" என்றார். அவள் புரோகிராமைத் திறந்து, அறை எண்ணைப் பார்த்துக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். ஓட்டுநர் போனதும் கணவர் பக்கம் திரும்பினாள்.

"மூக்கு இருந்துச்சுன்னீங்க."

அவர் ஒரு ஃப்ரேமின் ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே இறுகியிருந்த ஸ்க்ரூ.

"இல்ல" என்றார் கடைசியில். "ஒரு நாள்கூட இருக்கல. சொன்னா நீ என்னை டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவ. அவர் தனியா விடாதீங்கன்னுவார். அப்புறம் பக்கத்துக் கடைக்காரன் சுவரை இடிப்பான்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தச் சுவர் எவ்வளவு மெல்லிசுன்னு உனக்குத் தெரியாதா? அவன் தும்முனா நான் இங்க மூக்கைத் தொடைக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் சொன்ன வார்த்தைகள் காதுக்குள் ஓடின: ஒன்று இன்னொன்றாக மாறித் தெரிந்தால். மாறித்தான் தெரிகிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியிலிருந்து வேறொன்று தலையைத் தூக்கியது. மூளை கெட்டுப்போனால், அவள் இல்லாத நேரமாகப் பார்த்து மட்டும் ஏன் கெடுகிறது? ஒரு நாள்கூட அவள் இருக்கும்போது சக்கரம் தெரிந்ததில்லையே? எந்த நோய் அவ்வளவு நேரம் பார்த்து வரும்?

அதை வாய்விட்டுக் கேட்டாள். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"நான் அதைத்தான் யோசிக்கறேன்" என்றார். "நீ உள்ள வந்ததும் ஆயிரம் வேலை பண்ற. அப்புறம்தான் திரையைப் பாக்கற. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வா. வந்ததும் எதையும் தொடாத. செருப்பைக்கூடக் கழட்டாத. நேரா வந்து பாரு. உனக்கும் சக்கரம் தெரிஞ்சா எனக்கு ஒண்ணுமில்ல. மூக்கு தெரிஞ்சா..." நிறுத்தினார். "தெரிஞ்சா டாக்டர்கிட்ட போவோம். நானே வர்றேன்."

மறுநாள் அவள் ஒரு பள்ளிக்கூடத்தோடு வேலையை முடித்துக்கொண்டு திரும்பினாள். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் சாவிக்கொத்து, தோளில் பை. எதையும் வைக்காமல், செருப்போடு, நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றாள்.

பல்சக்கரம்.

"சக்கரங்க" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "சக்கரம்தாங்க இருக்கு!"

"நல்லா பாத்துச் சொல்லு."

"எத்தனை பல்லுன்னு எண்ணிச் சொல்லட்டுமா?"

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். பிறகு, அவள் பெட்டியை வைக்கக் குனிந்தபோது, "இரு இரு! வைக்காத!" என்று கத்தினார். "அசையாம நில்லு. பவர் பாக்கற மாதிரிப் பாப்போம். ஒவ்வொண்ணா மாத்திப் பாப்போம். எது மாறும்போது மூக்கு வருதுன்னு தெரிஞ்சுடும்."

அவர் குரல் மாறிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்முன் லென்ஸை மாற்றி மாற்றிப் போடும்போது வருகிற, அவசரமில்லாத, நீட்டி இழுக்கிற குரல்.

"செருப்பைக் கழட்டுங்க... இப்ப?"

"சக்கரம்."

"பெட்டியை வைங்க... இப்ப? முன்னாடி நல்லாருந்துச்சா, இப்ப நல்லாருக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

"ஃபேனைக் கூட்டுங்க... இப்ப?"

"சக்கரம். காத்து மட்டும் வருது."

"அடுத்து என்ன பண்ணுவ?"

"சாவியைச் செருகுவேன்."

"செருகுங்க."

செருகினாள். திரை ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது. வரிசையின் தலையில் பென் டிரைவின் படம் வந்து உட்கார, மற்றவை எல்லாம் ஒரு இடம் நகர்ந்து கொடுத்தன. நகர்ந்த வரிசையில், அந்தச் சக்கரத்துக்குப் பதிலாக, மேடும் வளைவுமாக அவளுடைய மூக்கு.

இருவரும் ஒரே நேரத்தில் "ஏய்!" என்றார்கள்.

உருவினாள். கொஞ்ச நேரம் மூக்கு அப்படியே இருந்தது, பிறகு சக்கரம். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவள் தினமும் வாசல் தாண்டிக்கொண்டிருந்தாள். மறுபடி செருகினாள். மூக்கு. உருவினாள். "சக்கரம்!" என்றார் அவர். "மூக்கு!" என்றாள் அவள். "சக்கரம்!" "மூக்கு!"

சத்தம் கேட்டு ஜெராக்ஸ் கடைக்காரர் ஓடி வந்தார். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து சக்கரம் என்று கத்துகிறார், அக்கா கம்ப்யூட்டருக்குச் சாவி கொடுத்து மூக்கு என்று கத்துகிறாள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "அக்கா... ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிடட்டுமா? ரெண்டு பேருக்குமா, ஒருத்தருக்கா?"

அவள் காதில் அது விழவில்லை. தரையிலேயே உட்கார்ந்து கொத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தை ஜெராக்ஸ் கடைக்காரர்தான் இந்தப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். படம் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கேட்டது, இங்கே என்று அவள் காட்டினாள். அங்கேதான் இருக்கிறது இன்னமும். "மூக்கு கம்ப்யூட்டருக்குள்ள இல்லவே இல்லீங்க" என்றாள். "என்கூடவே ஊர் சுத்திக்கிட்டு இருந்திருக்கு."

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் சிரிப்பு நிற்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. "வீட்டு விலாசத்தைக் குடுத்துட்டு வீட்டையே தூக்கிட்டுப் போயிருக்க. அது பாவம், வந்து பாத்துட்டு ஆள் இல்லன்னு சக்கரத்தை வச்சுட்டுப் போகுது. படத்தை உள்ள காப்பி பண்ணுக்கா."

காப்பி செய்தாள். சாவியை உருவினாள். சக்கரம். "ஏன்டா?"

"விலாசத்தையும் மாத்தணும்ல! பழைய வீட்டையே தேடிட்டு இருக்கு."

மறுபடி வலது க்ளிக் செய்து, இந்த முறை உள்ளே இருந்த படத்தைக் காட்டினாள். உருவினாள். மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். மூக்கு அசையவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். அப்போதும் அதுதான் முதலில் வந்து நின்றது.

ஜெராக்ஸ் கடைக்காரர் போகிற போக்கில் அவளைப் பார்த்து, "அப்ப அந்த விஷயம்..." என்று இழுத்தார்.

"நாளைக்குச் சாயந்திரம் சொல்றேன்பா" என்றாள். படம் நிற்கிறது என்பது தெரிந்துவிட்டது. ஒரு மத்தியானம் முழுவதும் அவர் தனியாக நிற்பாரா என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும். கோளாறு படத்தில் இருந்ததால் அவரிடம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. அது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் சாவிக்கொத்தை உருவிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். வங்கியில் ஒருவருக்கு ஃப்ரேமைத் தலைகீழாக மாட்டிவிட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். இரண்டு முறை போனைக் கையில் எடுத்து, போன் செய்தால் அது தனியாக விட்டதாகுமா என்று நினைத்து உள்ளே வைத்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்ல இரண்டு பதில்களைத் தயார் செய்துகொண்டே வந்தாள்: கொடுக்கிறோம் என்றால் எப்படிச் சொல்வது, இல்லை என்றால் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது.

கடைக்கு வெளியே ஜெராக்ஸ் கடைக்காரர் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும், "சரிக்கா, நான் அந்தப் பக்கத்துச் சுவரைக் கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையேப்பா?"

"அண்ணன் மத்தியானமே வந்து சொல்லிட்டாரே. கடையில ஆள் வந்துடுவாங்கன்னு நிக்கக்கூட இல்ல."

உள்ளே போனாள். முடிந்த கண்ணாடிகள் வைக்கும் அறைகளில் மூன்று காலியாக இருந்தன. தடுப்புக்குப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"மூக்கு இருந்துச்சா?" என்றாள்.

"என்னது?" மெஷினை நிறுத்தினார்.

"மூக்குங்க. திரையில."

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "இருந்திருக்கும். மூணு பேருக்குக் குடுத்தேனே." லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பேங்க்ல எத்தனை ஃப்ரேம் போச்சு?"

"ரெண்டு. ஒருத்தருக்குத் தலைகீழா மாட்டிட்டேன்."

"வாங்கினாரா?"

"வாங்கினார்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்து, அளவு குறித்த சீட்டுகளை அவர் பக்கம் தள்ளினாள். அவர் எண்களை மட்டும் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, புது ஆர்டரைப் பதியக் கம்ப்யூட்டர் பக்கம் போனார்.